கோபன்ஹேகன் ஸ்பூன்

எழுபது வருஷம் சோற்றைப் பிசைந்து உருட்டிச் சாப்பிட்ட அம்மா, வலது கை நடுங்கத் தொடங்கியதும் ஸ்பூனுக்கு மாறவேண்டி வந்தது. டப்பா நிறைய எவர்சில்வர் ஸ்பூன் இருந்தது. எல்லாம் மெல்லிய தகட்டில் வெட்டி அழுத்திய ரகம். விளிம்பை யாரும் தேய்த்து மழுக்கியிருக்கவில்லை. மூன்றாம் நாளே அம்மாவுக்குக் கடைவாயில் புண்.

அப்போதுதான் மாமாவின் ஸ்பூன்கள் ஞாபகத்துக்கு வந்தன. சரக்குக் கப்பலில் வேலை பார்த்த மாமா, ஒரு பயணத்தில் கோபன்ஹேகனில் இறங்கி ஆறு ஸ்பூனும் ஆறு முள்கரண்டியும் வாங்கி வந்திருந்தார். எங்கள் ஊர் புன்னக்காயலில் முள்கரண்டிக்கு என்ன வேலை? துணியில் சுற்றிப் பெட்டிக்குள் போட்டதோடு சரி. எடுத்துப் பார்த்தேன். பூவும் இல்லை, கோடும் இல்லை. காம்பின் நுனி உருண்டு முடிகிறது. காம்பு கழுத்தருகே தடித்து நிற்பதால் நடுங்கும் கையிலும் ஸ்பூன் சுழலவில்லை. குழியின் ஓரம் எங்கே முடிகிறது என்பது விரலுக்கே தட்டுப்படாத அளவுக்கு வழவழப்பு. முள்கரண்டியின் பற்களும் குட்டை.

இதை வரைந்தவர் கே பொயெசன். 1938இல் முதலில் வெள்ளியில்தான் செய்தார்; மாமா வாங்கி வந்தது எஃகில் செய்தது. 1951இல் மிலான் கண்காட்சியில் ‘கிராண்ட் பிரி’ பரிசு கிடைத்தது. அதுவே இந்த ஸ்பூனுக்குப் பெயராகிவிட்டது. பொயெசன் தொழில் படித்தது ஜார்ஜ் யென்சனின் பட்டறையில். யென்சன் 1904இல் கோபன்ஹேகனில் கடை திறந்த வெள்ளி ஆசாரி. மொட்டும் காயுமாக வேலைப்பாடு செய்வதில் பேர்போனவர். அந்தப் பட்டறைக்காக யோஹான் ரோடே 1915இல் வரைந்த கரண்டிக் காம்பின் நுனியில் ஓக் மரத்துக் காய் இருக்கும். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால், அந்தப் பட்டறையில் கைபழகியவர் அத்தனை வேலைப்பாட்டையும் விட்டுவிட்டு, வாய்க்கும் விரலுக்கும் எது இதம் என்று மட்டும் பார்த்தாரே, அதற்குத்தான் எனக்கு மரியாதை. ஆர்னே யாகப்சன் 1957இல் கோபன்ஹேகன் ஹோட்டல் ஒன்றுக்காக வரைந்த செட் இன்னும் புகழ்பெற்றது. ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ படத்தில் விண்வெளி வீரர்கள் சாப்பிடுவது அதில்தான். அதன் குழி மிகச் சின்னது. அதில் கஞ்சி குடிக்க முடியாது.

வெள்ளிக்கு ஐரோப்பாவில் அவ்வளவு மவுசு வந்ததற்குப் பகட்டு மட்டும் காரணமல்ல. மீனுக்கு எலுமிச்சை பிழிந்தால் அந்தக் காலத்து இரும்புக் கத்தி கறுத்துப்போகும், மீனிலும் இரும்பு வாடை ஏறும். அதனால்தான் மீனுக்கென்று தனியாக வெள்ளிக் கத்தி வைத்தார்கள். வெள்ளிக்கும் ஒரு குறை உண்டு. முட்டை பட்டால் கறுக்கும். 1913இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி, துப்பாக்கிக் குழாய்க்குத் தேய்மானம் தாங்கும் எஃகைத் தேடப்போய், குரோமியம் கலந்த, துருப்பிடிக்காத எஃகைக் கண்டார். குரோமியம் காற்றோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத படலமாகி இரும்பை மூடிக்கொள்கிறது. பதினெட்டு சதவீதம் குரோமியமும் எட்டு சதவீதம் நிக்கலும் சேர்ந்த ரகம் புளிக்கும் எலுமிச்சைக்கும் அசையாது.

இந்தக் கதை எங்கள் ஊர் அடுப்படிக்கு அந்நியமில்லை. புளி ஊற்றிய மீன் குழம்பை ஈயம் பூசாத பித்தளையில் வைத்தால் களிம்பேறும். அதனால் மண்சட்டியில்தான் வைப்பார்கள். கிண்டுவது சிரட்டை அகப்பை. மூங்கில் காம்பு செருகிய அந்தச் சிரட்டையை அம்மா கண்ணாடித் துண்டால் சுரண்டிச் சுரண்டி வழவழப்பாக்குவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். சிலாம்பு நிற்கிறதா என்று உதட்டோரம் வைத்துத் தடவிப் பார்த்த பிறகுதான் சட்டிக்குள் விடுவாள்.

அன்றைக்கு மாமாவின் ஸ்பூனைக் கையில் கொடுத்ததும் அதையேதான் செய்தாள். உதட்டோரம் வைத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்துப் பார்த்தாள்.

“நல்லா இழைச்சிருக்கான்ய்யா” என்றாள்.

இப்போது ஆறு ஸ்பூனும் அடுப்படியில்தான் இருக்கின்றன. கடற்காற்றும் உப்பளக் காற்றும் ஜன்னல் கம்பியையே தின்னும் ஊர் எங்களுடையது. உப்புத் தண்ணீர் பட்டு அப்படியே காய்ந்தால் இந்த எஃகிலும் புள்ளி விழும். அதனால் சாப்பிட்டதும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து வைத்துவிடுகிறேன். கஞ்சிக்கும் ரசத்துக்கும் அம்மா ஸ்பூனை எடுக்கிறாள். சாளைக் குழம்பு வைத்த நாளில் மட்டும் இடது கையால் தட்டைப் பிடித்துக்கொண்டு, நடுங்கும் வலது கையாலேயே முள்ளைப் பிரிக்கிறாள்.