உறுப்பினரின் வேலைக்கும் ஒரு தராசு வேண்டும்



மலையில் கொழுந்து பறிக்கும் எங்கள் சகோதரியின் வேலையை மாலையில் தராசு சொல்லிவிடும். எத்தனை கிலோ என்று எழுதிய பிறகுதான் பேர் விழும். பூவரசங்குளத்தில் வயல் வேலைக்குப் போகும் எங்கள் சகோதரனின் வேலையையும், அந்தியில் வரம்பில் நின்று பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்கிறார்கள். ஆனால் நாங்கள் வரிசையில் நின்று வாக்களித்து அனுப்பிய பாராளுமன்ற உறுப்பினர் ஒரு வாரத்தில் என்ன வேலை செய்தார் என்பதை நிறுத்துப் பார்க்க எங்களிடம் தராசு இல்லை. இந்த இதழில் அந்தத் தராசைப் பற்றியே பேச விரும்புகின்றோம்.

இப்போது நாங்கள் எதை வைத்து அளக்கிறோம்? கலியாண வீட்டுக்கு வந்தாரா, செத்த வீட்டில் தலை காட்டினாரா, கோயில் திருவிழாவில் முன்வரிசையில் இருந்தாரா, விளையாட்டுப் போட்டியில் பரிசு கொடுத்தாரா என்று பார்க்கிறோம். மக்களின் நன்மை தீமையில் பங்கெடுப்பது நல்ல குணம்தான். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் நாங்கள் அவரை அனுப்பியது அதற்காக அல்ல. அவருடைய வேலைக்கு இரண்டு பக்கங்கள் உண்டு. ஒன்று கொழும்பில், மற்றது ஊரில்.

கொழும்புப் பக்கத்தை முதலில் பார்ப்போம். பாராளுமன்றம் சாதாரணமாக மாதத்தில் இரண்டு வாரங்கள், செவ்வாய் முதல் வெள்ளி வரை கூடுகிறது. 225 பேர் கொண்ட சபையில் எங்கள் உறுப்பினர் ஒருவர். வாய்மூல விடைக்கான கேள்வி நேரத்தில் அவர் அமைச்சரிடம் கேள்வி கேட்கலாம். ஒத்திவைப்பு வேளைப் பிரேரணை கொண்டுவரலாம். குழுக்களில் இருந்து அதிகாரிகளை அழைத்து விசாரிக்கலாம். பொதுமக்கள் தரும் மனுவைச் சபையில் சமர்ப்பிக்கலாம். வரவு செலவுத் திட்டக் காலத்தில் ஒவ்வொரு அமைச்சின் செலவினத்தின் மீதும் பேசலாம். இவை எல்லாம் ஹன்சார்ட்டில் பதிவாகின்றன. அவர் பேசிய சொல்லும் அங்கே இருக்கும், பேசாமல் இருந்ததும் அங்கே தெரியும்.

மற்றது ஊர்ப் பக்கம். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவும் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவும் கூடும்போது காணி, வனம், நீர்ப்பாசனம், கல்வி, சுகாதாரம், வீதி என்று எல்லாத் திணைக்கள அதிகாரிகளும் ஒரே மண்டபத்தில் இருப்பார்கள். யானை வேலி ஏன் பாதியில் நிற்கிறது, குளத்தின் அணைக்கட்டை எப்போது திருத்துவீர்கள், மாலை பஸ் ஏன் வரவில்லை என்று முகத்துக்கு நேரே கேட்கக்கூடிய இடம் அது. வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன் பிறகு மாகாண சபைத் தேர்தல் நடக்கவில்லை. மாகாண சபை உறுப்பினர் சுமக்க வேண்டிய பாடசாலை, கிராம வைத்தியசாலை, உள்வீதி ஆகிய சுமைகளும் இன்று பாராளுமன்ற உறுப்பினரின் தலையில்தான் வந்து விழுகின்றன. ஆகவே அவருக்கு வேலை கூடியிருக்கிறது என்பதை நாங்கள் ஏற்றுக்கொள்கின்றோம். வேலை கூடினால் கணக்கும் கூட வேண்டும்.

இந்த இரண்டு பக்கங்களையும் இணைப்பதுதான் உண்மையான வேலை. 2025 மார்ச் 28ஆம் திகதி 2430 இலக்க வர்த்தமானி அறிவித்தல் வெளியானது. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் மாவட்டங்களில் கிட்டத்தட்ட 6,000 ஏக்கர் காணிக்கு உரிமை உள்ளவர்கள் மூன்று மாதத்துக்குள் உரிமை கோர வேண்டும், இல்லாவிட்டால் அது அரச காணியாகும் என்பதே அதன் பொருள். போரிலும் இடப்பெயர்விலும் பத்திரத்தைத் தொலைத்தவர்களுக்கும், ஆரம்பத்திலிருந்தே பத்திரம் இல்லாதவர்களுக்கும் மூன்று மாதம் எம்மாத்திரம்? வடக்கின் தமிழ் உறுப்பினர்கள் அதைப் பாராளுமன்றத்தில் எதிர்த்தார்கள், அரசாங்கத்துடன் பேசினார்கள். ஊரிலும் எதிர்ப்பு எழுந்தது. பின்னர் அரசாங்கம் அதை மீளப் பெற்றது. ஒரு கிராமத்து வேலிக்குள் நிற்கும் பிரச்சினை சபைக்குப் போய்ப் பதிலோடு திரும்பி வரும் என்பதற்கு இது சாட்சி.

சம்பள விடயத்தைப் பாருங்கள். 2025 நவம்பர் 7ஆம் திகதி சமர்ப்பிக்கப்பட்ட 2026ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளத்தை 1,350 ரூபாவிலிருந்து 1,550 ரூபாவாக உயர்த்தவும், வருகைக்கான ஊக்குவிப்பாக அரசாங்கம் 200 ரூபா சேர்த்து 1,750 ரூபாவாக்கவும் முன்மொழியப்பட்டது. தொழிற்சங்கங்களின் நீண்ட போராட்டத்தின் பிறகு சபையில் ஒலித்த தொகை அது. ஆனால் சபையில் சொன்ன தொகை கைக்கு வந்து சேரும் வழியில் எத்தனையோ பேர் நிற்கிறார்கள். எத்தனை நாள் வேலை தரப்படுகிறது? எத்தனை கிலோ குறைந்தால் அரைப் பேர் போடுகிறார்கள்? இதைத் துருவிப் பார்ப்பது சங்கத்தின் வேலை. சங்கம் கண்டதை அமைச்சரிடம் கேள்வியாக்குவது உறுப்பினரின் வேலை.

வன்னியில் கூலி வேலை செய்பவர்களுக்கும் இதே கதைதான். தேசியக் குறைந்தபட்ச வேதனம் 2026 ஜனவரி முதல் மாதத்துக்கு 30,000 ரூபா, நாளுக்கு 1,200 ரூபா என்று பாராளுமன்றம் சட்டம் ஆக்கியது. அந்தச் சட்டம் எங்கள் ஊர் அரிசி ஆலைக்கும், கடைக்கும், கல் அரியும் இடத்துக்கும் வந்துவிட்டதா? பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே கூலியா? தொழில் பரிசோதகர் கடைசியாக எப்போது வந்தார்? இவற்றைக் கேட்க ஒருவர் வேண்டும். அதற்குத்தான் உறுப்பினர்.

இங்கே எங்கள் மக்களுக்கு மட்டுமே உள்ள ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். 1970களின் பஞ்சமும் 1977, 1981 வன்முறைகளும் தோட்டங்களிலிருந்து விரட்டிய குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மண்ணில் வந்து காடு வெட்டிக் குடியேறின. காந்தியம் அமைப்பு அன்று பலருக்குக் கை கொடுத்தது. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று இங்கே வாக்காளர்கள். ஆனால் மலையக உறுப்பினர்கள் இவர்களை வடக்கின் மக்கள் என்று விட்டுவிடுகிறார்கள். வடக்கின் அரசியலில் இவர்கள் தேர்தல் காலத்தில் மட்டும் நினைவுக்கு வரும் மலையகத்தார். இரண்டு வீட்டுக்கும் பிள்ளை, இரண்டு வீட்டிலும் பசி என்ற நிலை. தொகுதிப் பிரிப்பும் இதற்கு ஒரு காரணம். வவுனியாவும் முல்லைத்தீவும் மன்னாரோடு சேர்ந்து வன்னித் தேர்தல் மாவட்டம், கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம். ஒரே குடும்பத்து அண்ணனும் தம்பியும் ஒரே காணிப் பிரச்சினைக்கு வேறு வேறு உறுப்பினர்களின் படியேற வேண்டியிருக்கிறது.

வாக்கு இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பது எங்களுக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்ததல்ல. 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றம் சென்றார்கள். 1948இல் குடியுரிமையும் அடுத்த ஆண்டு வாக்குரிமையும் பறிபோயின. 1952 தேர்தலில் எங்கள் பேரைச் சொல்ல ஒருவரும் தெரிவாகவில்லை. 1977இல் திரு. சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியா மஸ்கெலியாத் தொகுதியில் வெல்லும் வரை, மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்த எங்கள் உறுப்பினர் என்று ஒருவர் சபையில் இருக்கவில்லை. மிச்சமிருந்தவர்களின் குடியுரிமையைத் தீர்க்கும் சட்டம் வந்தது 2003இல். அப்படித் திரும்பக் கிடைத்த வாக்கை ஐந்து வருடத்துக்கு ஒருநாள் மட்டும் பயன்படுத்திவிட்டுச் சும்மா இருப்பது நியாயமா?

ஆகவே எமது கோரிக்கை இதுதான். வன்னியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் மலையகத்திலிருந்தும் தெரிவான உறுப்பினர்கள் ஒவ்வொரு வாரமும் ஒரு பக்கக் கணக்கு வெளியிட வேண்டும். அந்த வாரம் சபையில் எந்தக் கேள்வி கேட்டார், என்ன பதில் வந்தது. எந்தக் குழுக் கூட்டத்துக்குப் போனார், எங்கள் ஊர் விடயம் எதைப் பேசினார். எத்தனை மனு கிடைத்தது, எத்தனைக்குப் பதில் அனுப்பினார். தன் ஒதுக்கீட்டில் எந்த வேலைக்கு எவ்வளவு கொடுத்தார். இந்த நான்கும் போதும். எளிய தமிழில், தொகையோடும் திகதியோடும் இருந்தால் சரி. படங்கள் வேண்டியதில்லை.

எங்கள் பக்கக் கடமையும் உண்டு. வாயால் சொன்ன முறைப்பாடு வாசலோடு நின்றுவிடும். எழுதிக் கொடுங்கள், பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். தனி ஆளாகப் போகாமல் மாதர் சங்கம், கிராம அபிவிருத்திச் சங்கம், எங்கள் கிளை ஆகியவற்றின் கடிதத்தோடு போங்கள். திணைக்களம் பதில் தராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. விண்ணப்பம் கொடுத்தால் தகவல் அதிகாரி 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். படித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் ஹன்சார்ட்டைக் கைத்தொலைபேசியில் எடுத்து, உறுப்பினர் எங்களைப் பற்றி என்ன பேசினார் என்று பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டட்டும்.

கிளைத் தலைவர்களும் தலைவிகளும் இந்த இதழைக் கூட்டத்தில் வாசித்து, உங்கள் ஊரின் மூன்று முக்கிய பிரச்சினைகளை எழுதி உங்கள் மாவட்ட உறுப்பினருக்கு அனுப்புங்கள். பிரதியை எங்களுக்கும் அனுப்புங்கள். எந்த உறுப்பினரிடமிருந்து எப்போது என்ன பதில் வந்தது என்பதைக் கட்சி பாராமல் இந்தப் பக்கத்திலேயே வெளியிடுவோம். பதில் வராவிட்டால் அதையும் வெளியிடுவோம்.