சாக்கு தைக்குமுன் செய்ய வேண்டியது

விழுப்புரம், திண்டிவனம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களுக்குப் பருவத்தில் வந்து குவியும் மணிலாவுக்கு, அதாவது நிலக்கடலைக்கு, ஊர் வழக்கப்படி 80 கிலோ மூட்டைக்கு இவ்வளவு என்றே விலை பேசுகிறார்கள். அதே மணிலாவின் பருப்பு கடல் கடந்து செல்லும்போதோ, பெரும்பாலும் 50 கிலோ அல்லது 25 கிலோ சாக்குகளில், அவுன்ஸுக்கு எத்தனை பருப்பு என்ற கணக்கும், லாட் எண்ணும், விளைந்த ஆண்டும் குறித்த சீட்டோடு செல்கிறது. இந்த இரண்டு மூட்டைகளுக்கும் இடையே நடைபெறும் காரியங்களில்தான் இந்த வர்த்தகத்தின் லாபநஷ்டம் அடங்கியிருக்கிறது என்பதும், அவற்றில் பெரும்பகுதியைத் துறைமுகத்துக்கு விட்டுவிடாமல் இவ்விரு ஊர்களிலேயே செய்து முடிக்க வேண்டும் என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

இது நேற்று முளைத்த விவகாரம் அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பழைய தென்னாற்காடு ஜில்லாவில் விளைந்த மணிலா, புதுச்சேரித் துறைமுகத்தின் வழியாக பிரான்ஸ் தேசத்து மார்ஸேல்ஸ் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்கு ஏராளமாகச் சென்றது. 1879-இல் திறக்கப்பட்ட விழுப்புரம்–புதுச்சேரி ரயில் பாதை அந்தப் போக்குவரத்துக்குப் பெருந்துணையாயிற்று. உடைக்காத காய் கப்பலில் இடத்தை அடைக்கும், அடைத்த இடத்துக்கெல்லாம் கூலி கொடுத்தாக வேண்டும் என்பதால், இங்கேயே உடைத்துப் பருப்பாக அனுப்பினார்கள். ஆனால் கையால் உடைப்பதற்கு இலகுவாக இருக்கட்டும் என்று காய்களை நீரில் நனைத்து உடைத்த அந்தப் பருப்பு, கப்பலின் அடித்தட்டில் வாரக்கணக்கில் புழுங்கிக் கிடந்து, சூடேறிச் சிக்கடித்து, மார்ஸேல்ஸில் இறங்கும்போது உணவெண்ணெய்க்குத் தகுதியற்றதாகி, மட்டமான விலைக்குச் சோப்பு காய்ச்சவே பயன்பட்டது. உலர்ந்த காயை உடைக்கும் இயந்திரங்கள் பரவிய பிறகுதான் அந்த அபகீர்த்தி குறைந்தது.

அன்று பருப்பைக் காறச் செய்த அதே ஈரம் இன்று அதைவிடக் கொடிய தீங்குக்குக் காரணமாகிறது. 1960-இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் கூட்டங்கூட்டமாக மாண்ட காரணத்தை ஆராய்ந்தபோது, தீனியாகப் போட்ட கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சணம் உண்டாக்கிய அஃப்ளாடாக்ஸின் என்னும் விஷம் வெளிப்பட்டது. ஈரலில் புற்றுநோயை விளைவிக்கும் இவ்விஷம் வறுத்தாலும் முற்றிலும் அகலாது. அப்படியே உண்ணும் கடலையில் இது கிலோவுக்கு 4 மைக்ரோகிராமுக்கு மேல், அதாவது நூறு கோடிப் பங்கில் நான்கு பங்குக்கு மேல், இருக்கலாகாது என்பது ஐரோப்பிய யூனியனின் விதி. பருப்பு நொறுங்காமல் வரவேண்டும் என்பதற்காக உடைக்குமுன் காயின் மேல் தண்ணீர் தெளிக்கும் வழக்கம் இன்றும் ஒழிந்தபாடில்லை. தெளித்த நீர் எடையையும் சற்றுக் கூட்டுகிறது என்பதால் அதைத் தடுக்க முன்வருவாரும் குறைவு.

இந்த ஈரத்தோடு பருப்பை ஏற்றிச் செல்லும் கன்டெய்னருக்குள் நடப்பதைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். பகலில் இரும்புக்கூடு காய்ந்து, பருப்பிலிருந்து எழும் ஈரம் ஆவியாகி, இரவுக் குளிரில் கூரையில் முத்துமுத்தாகத் திரண்டு, மேல்வரிசைச் சாக்குகளின் மீது சொட்டுகிறது. இதற்காகவே உட்சுவரில் தடித்த காகிதம் ஒட்டி, ஈரம் உறிஞ்சும் பைகளைத் தொங்கவிடுகிறார்கள். அடியில் வைக்கும் மரப்பலகை 56 டிகிரி உஷ்ணத்தில் 30 நிமிஷம் பக்குவப்பட்டதற்கான, கதிர்ச் சின்னம் பொறித்த முத்திரையைத் தாங்கியிருக்க வேண்டும். 2016 ஜூலை முதல், சரிபார்த்த மொத்த எடையை அறிவிக்காத கன்டெய்னரைக் கப்பலில் ஏற்றுவதுமில்லை. இவ்வளவு ஜாக்கிரதையும் அவசியமே. ஆயினும் பருப்பின் ஈரப்பதம் நூற்றுக்கு ஏழுக்குள் அடங்காமல் சாக்கு தைக்கப்பட்டுவிட்டால், பிறகு ஒட்டும் எந்தக் காகிதமும் அதைக் காப்பாற்றாது.

ஆகவே விற்பனைக்கூடத்தில் தராசு இருக்கும் இடத்திலேயே ஈரம் அளக்கும் கருவியும் இருக்க வேண்டும். நன்றாகக் காயவைத்துக் கொண்டுவந்த விவசாயிக்கு, எடை குறைந்ததனால் உண்டாகும் நஷ்டத்தை ஈடுசெய்யும்படி விலை கூடுதலாக நிர்ணயிக்கப்பட வேண்டும். மூட்டையையும் 50 கிலோவாக்கிவிடலாம். ஒரு மனிதன் சுமக்கத்தக்க பளு 55 கிலோவுக்கு மேற்படலாகாது என்று சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1967-இலேயே சிபாரிசு செய்திருக்க, 80 கிலோவை முதுகில் ஏற்றும் வழக்கத்தை நியாயப்படுத்த எந்தக் காரணமும் எனக்குத் தென்படவில்லை.

சீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. திண்டிவனத்தின் பெயரைத் தாங்கி 1940-இல் வெளிவந்த டி.எம்.வி. 2 என்ற ரகத்தை, தமிழகத்துக்கு வெளியேயும் தலைமுறை தலைமுறையாக விவசாயிகள் விதைத்திருக்கிறார்கள். விதைக்குப் பெயர் கொடுத்த ஊரின் சாக்கில், விளைந்த கிராமமும் அளந்த ஈரமும் எடைபோட்ட நாளும் எழுதப்பட்டிருப்பதே முறை. வெளிநாட்டில் ஒரு லாட் நிராகரிக்கப்பட்டால், தவறு எந்தக் களத்தில் நேர்ந்தது என்று கண்டுபிடிக்க அந்த மூன்று வரிகள் போதும். விற்பனைக்கூட அதிகாரிகள் அடுத்த பருவத்து வரவு தொடங்குமுன் உலர்களங்களைச் செப்பனிட்டு, வாசலிலேயே ஈரம் அளக்க ஏற்பாடு செய்ய வேண்டும். விவசாயிகளும் தங்கள் மூட்டையின் ஈர அளவை ரசீதில் எழுதித் தரும்படி கேட்டு வாங்க வேண்டும்.