தாயி வீட்டு வெள்ளிக்கிழமை விளக்கு

சகோதரிகளே, போன வாரம் எங்கள் தெருப் பெண் ஒருத்தி ஊருக்கு வந்திருந்தாள். கல்யாணமாகி இரண்டு வருஷமாக மும்பையில் குடித்தனம். சுரண்டையில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. திண்ணையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே, "சித்தி, அங்க நாங்க ரெண்டே ரெண்டு பேரு. பொங்கல், கார்த்திகை எல்லாம் யாருக்காகச் செய்ய? கடையில ஒரு ஸ்வீட் வாங்கித் தின்னுட்டுப் படுத்துருதோம்" என்றாள்.

அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தேன். என்னை மாற்றியவள் பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி. அவள் நம்ம சாதியும் இல்லை, மதமும் இல்லை, மொழியும் இல்லை. அவள் யூதப் பெண். அந்தக் கதையைத்தான் அவளிடம் சொன்னேன். உங்களிடமும் சொல்லுகிறேன், கேளுங்கள்.

1983-ல் கல்யாணம் முடிந்து, மதராஸ் போய் வண்டி மாறி, பம்பாயில் இறங்கினேன். பைகுல்லா பக்கம் ஒரு சால் வீட்டில் ஒற்றை அறை. நீளத் தாழ்வாரம், வரிசையாகக் கதவுகள், கோடியில் பொதுக் குழாய். எனக்குத் தமிழைத் தவிர ஒரு பாஷை தெரியாது. அடுத்த கதவுக்காரி மருத்துவமனையில் நர்ஸ். வயது நாற்பதுக்கு மேல் இருக்கும். எல்லாரும் அவளைத் 'தாயி' என்றார்கள். மராத்தியில் தாயி என்றால் அக்கா. நம்ம பக்கம் தாயி என்றால் அம்மா. எனக்கு அவள் இரண்டுமாக ஆனாள்.

சேலை கட்டுவாள், கண்ணாடி வளையல் போடுவாள், வீட்டில் பேசுவது மராத்தி. வாசல் நிலையில் மட்டும் ஒரு சின்னக் குழல் சாய்வாக அடித்திருக்கும். உள்ளே போகும்போதும் வரும்போதும் அதைத் தொட்டு விரலை முத்திக்கொள்வாள். அதற்குள் வேத வசனம் எழுதிய தோல் சுருள் இருக்கிறது, பெயர் மெசுசா என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அவர்களுக்குப் பெயர் 'பெனே இஸ்ரேல்'. இஸ்ரவேலின் பிள்ளைகள் என்று அர்த்தம். பல நூற்றாண்டுகளுக்கு முன்னால் கொங்கணக் கரையில், அலிபாக் பக்கத்து நவ்காவ் அருகே கப்பல் உடைந்து, ஏழு தம்பதிகள் மட்டும் பிழைத்துக் கரையேறினார்கள், அவர்கள் வம்சம்தான் நாங்கள் என்பார்கள். கிராமங்களில் செக்கு ஆட்டிப் பிழைத்தார்கள். சனிக்கிழமை மட்டும் செக்கு ஓடாது. அதனால் ஊரார் அவர்களை 'சனிவார் தேலி', சனிக்கிழமை எண்ணெய்க்காரர் என்றே கூப்பிட்டார்கள். எபிரேய மொழி மறந்துபோயிற்று. வேத புத்தகமும் கையில் இல்லை. எட்டாம் நாள் ஆண் குழந்தைக்குச் சுன்னத்து, சனிக்கிழமை ஓய்வு, சாப்பாட்டு விதிகள், 'ஷெமா' என்ற ஒரே ஒரு ஜெபம் இவைதான் மிஞ்சின.

தாவீது ரஹாபி என்ற யூதப் பெரியவர் அவர்களைச் சோதிக்க வந்ததாக ஒரு கதை உண்டு. பலவகை மீன்களைக் கொடுத்துச் சமைக்கச் சொன்னாராம். அந்த வீட்டுப் பெண்கள் செதிளும் துடுப்பும் உள்ள மீன்களை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை ஒதுக்கிவிட்டார்களாம். வேதம் சொல்லும் விதி அது. "நீங்கள் எங்கள் மக்கள்தான்" என்றாராம் பெரியவர். சாட்சி சொன்னது படித்த ஆண்கள் இல்லை சகோதரிகளே, அடுப்பங்கரைப் பெண்கள்!

இதெல்லாம் தெரியாமல் நான் முதல் மாதமே ஒரு கிண்ணம் இறால் தொக்கு கொண்டுபோய் நீட்டினேன். தாயி முகம் கோணவில்லை. "செதிள் இல்லாதது எங்களுக்கு ஆகாது. உன் கை சாம்பார் கொடு, நாலு நாள் வைத்துச் சாப்பிடுவேன்" என்று சிரித்தாள். கறியையும் பாலையும் அவர்கள் சேர்த்துச் சாப்பிடுவதில்லை. அதனால் கறிக்குழம்புக்குத் தேங்காய்ப்பால்தான். நெய், பால் சேராமல், கோதுமைப் பாலும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவர்கள் புத்தாண்டுக்கு ஒரு அல்வா கிண்டுவாள். திருநெல்வேலிக்காரி எனக்கே சவால் விடும் அல்வா!

இப்படி நன்றாக இருந்த உறவில் ஒரு விரிசல் வந்தது. தப்பு என் பேரில்தான்.

1985 புரட்டாசி. என் மகனுக்கு எட்டு மாதம். ஊரிலிருந்து அத்தை கொடுத்தனுப்பிய முறுக்கையும் அதிரசத்தையும் எடுத்துக்கொண்டு தாயி வீட்டுக் கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. உள்ளே அவள் மாமியார் இருமுவது கேட்கிறது. மறுபடி தட்டினேன். ஊஹூம். எனக்கு முகம் சுண்டிப் போயிற்று. 'இந்த மதராஸிக்காரி என்ன வேண்டியிருக்கு என்று நினைத்துவிட்டார்கள்' என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். மறுநாள் காலையில் தாயி என் கதவைத் தட்டினாள். "இப்போ தெரியட்டும்" என்று நானும் திறக்கவில்லை. மாலையில் பார்த்தால் வாசலோரம் மூடிவைத்த ஒரு தட்டு, அதில் இனிப்பு. அதைத் திருப்பியும் கொடுக்கவில்லை, தின்னவும் இல்லை. மூன்று வாரம் முகம் பார்க்காமல் இருந்தேன்.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை. மகனுக்குக் காலையிலிருந்தே வயிற்றுப்போக்கு, கூடவே வாந்தி. "போகும்போது தண்ணி கொடுக்காதே, இன்னும் போகும்" என்று ஊரில் கிழவிகள் சொல்லக் கேட்டிருந்தேன். அதனால் சொட்டுத் தண்ணீர் கொடுக்கவில்லை. பாலையும் நிறுத்திவிட்டேன். இவர் வேலை விஷயமாகப் பூனா போயிருந்தார். இரவு ஒன்பது மணிக்குப் பிள்ளை அழுதான், கண்ணீர் வரவில்லை. கண் உள்ளே போய்விட்டது. நான் போட்ட சத்தத்தில் முதலில் ஓடிவந்தவள் தாயிதான்.

பிள்ளையின் வயிற்றுத் தோலை லேசாகக் கிள்ளி விட்டாள். அது மெதுவாகத்தான் திரும்பிற்று. "தண்ணீர் கொடுத்தாயா?" என்றாள். இல்லை என்றேன். ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆறவைத்த தண்ணீரில் சர்க்கரையும் உப்பும் கரைத்து, கரண்டி கரண்டியாகப் புகட்டிக்கொண்டே டாக்சி பிடித்து, பிள்ளையைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். இரவு முழுக்கக் குளுக்கோஸ் ஏறியது. விடியும்போது பிள்ளை கண் திறந்து பார்த்தான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெள்ளி பொழுது சாய்ந்தால் அவர்களுக்கு ஓய்வுநாள் தொடங்கிவிடும். தீ மூட்டமாட்டார்கள், வண்டி ஏறமாட்டார்கள், பணம் தொடமாட்டார்கள். "தாயி, என்னால் உன் நோன்பு கெட்டுப்போச்சே" என்று அழுதேன். "உயிரைக் காப்பாற்ற ஓய்வுநாளை மீறலாம் என்று எங்கள் சட்டமே சொல்கிறது. மீறாவிட்டால்தான் பாவம்" என்றாள்.

பிறகு அந்தக் கதவு விஷயமும் வெளியே வந்தது. நான் தட்டிய நாள் யோம் கிப்பூர், அவர்களுடைய பாவமன்னிப்பு நாள். பெனே இஸ்ரேல் மக்கள் அதை 'தர்ஃபால்னிச்சா சண்' என்பார்கள். கதவடைப்புப் பண்டிகை என்று அர்த்தம்! வெள்ளை உடுத்தி, ஒரு நாள் முழுக்கப் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் விரதம். அந்தக் காலத்தில் வெளியார் யாரோடும் பேசாமல் வீட்டுக்குள்ளேயே இருப்பார்களாம். தாயி ஜெபாலயம் போய்விட்டாள். நடக்கமாட்டாத மாமியார் பழைய முறைப்படி கதவைத் திறக்கவில்லை. மறுநாள் 'ஷிளா சண்'. நம் பொங்கலுக்கு மறுநாள் மாதிரி அக்கம்பக்கம் போய் வருகிற நாள், தானம் கொடுக்கிற நாள். அன்றைக்குத்தான் தட்டோடு வந்திருக்கிறாள். நான் கதவடைத்து உட்கார்ந்திருக்கிறேன்! கேட்காமலே கோபித்துக்கொள்வதைப் போல முட்டாள்தனம் வேறு இல்லை.

பிள்ளை தேறியதும் தாயி 'மலிதா' செய்தாள். எலியா தீர்க்கதரிசியை நினைத்துச் செய்கிற நன்றிப் படையல் அது. கல்யாணம், புது வீடு, நேர்ந்த காரியம் நிறைவேறினால் எல்லாவற்றுக்கும் மலிதா உண்டு. செய்முறை சுலபம். இரண்டு ஆழாக்கு அவலைக் களைந்து, நீரை ஒட்ட வடித்து, கால் மணி ஊறவிடுங்கள். ஒரு மூடித் தேங்காய்த்துருவல், இனிப்புக்கு வேண்டிய சர்க்கரை அல்லது வெல்லப்பொடி, ஏலப்பொடி, நறுக்கிய பாதாம், பிஸ்தா சேர்த்துப் பிசறித் தட்டில் குவித்து, சுற்றிலும் பழங்களை வையுங்கள். ஜெபம் முடிந்ததும் எல்லாருக்கும் பங்கு. "இது எங்க ஊர் சரஸ்வதி பூஜை அவல்!" என்றேன். அவள் சிரித்தாள்.

அதன்பின் வெள்ளிதோறும் அவள் விளக்கேற்றுவதைப் பார்ப்பேன். கண்ணாடிக் குவளையில் தண்ணீர், மேலே தேங்காய் எண்ணெய், அதில் திரி. ஏற்றிவிட்டுக் கண்ணைக் கையால் பொத்தி ஜெபிப்பாள். திராட்சை மதுவுக்குப் பதிலாக, உலர்ந்த கறுப்புத் திராட்சையை ஊறவைத்துப் பிழிந்த சர்பத். மார்கழியை ஒட்டி எட்டு நாள் ஹனுக்கா. தினம் ஒரு விளக்கு கூடும். பஸ்காவுக்கு முன்னால் புளித்த மாவின் துணுக்குகூட இல்லாமல் வீட்டைக் கழுவித் துடைப்பாள். ஆப் மாத விரதத்துக்கு முளைகட்டி உரித்த மொச்சைக் குழம்பு. நம்ம பிதுக்குப் பருப்பேதான்.

அவள் பெருமையாகச் சொல்லும் பெயர் டாக்டர் ஜெருஷா ஜிராத். பெனே இஸ்ரேல் பெண். காமா மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பில் இருந்து பிரசவ மருத்துவத்துக்கு உழைத்தவர். 1966-ல் பத்மஸ்ரீ பெற்றவர். ஒருநாள் என்னை மஸ்ஜித் பந்தர் பக்கம் சாமுவேல் தெருவுக்குக் கூட்டிப்போனாள். 1796-ல் சாமுவேல் திவேகர் கட்டிய ஜெபாலயம் அங்கே இருக்கிறது. அவர்கள் வாயில் அது 'ஜூனி மஸ்ஜித்', பழைய பள்ளி. அங்கேதான் கேட்டேன், ஏன் கூட்டம் இல்லை என்று. பொது ஜெபத்துக்குப் பத்து ஆண்கள் கூட வேண்டும். பல நாள் பத்துப் பேர் சேர்வதே கஷ்டம் என்றாள். 1948-ல் இஸ்ரேல் நாடு உண்டானபின் குடும்பம் குடும்பமாகப் போய்விட்டார்கள். 1951 கணக்கில் இந்தியாவில் யூதர்கள் 26,000-க்கு மேல். 2011 கணக்கில் ஐயாயிரத்தை எட்டவில்லை.

1989-ல் தாயியும் போனாள். மகன்கள் அங்கே. புறப்படும் அன்று நான் அழுதபோது சொன்னாள்: "ஜெபாலயத்துக்குப் பத்து ஆம்பிளை வேணும். வெள்ளிக்கிழமை விளக்குக்கு ஒரு பொம்பளை போதும். நான் எங்கே இருந்தாலும் ஏற்றுவேன். நீயும் உன் விளக்கை விடாதே."

அதற்கப்புறம் அந்த ஒற்றை அறையில் நான் ஒரு கார்த்திகையையும் விட்டதில்லை. இன்று ஊர் திரும்பி வெகுகாலம் ஆயிற்று. அன்று மடியில் கிடந்த மகனுக்கே தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. அஷ்தோத் நகரத்திலிருந்து தாயி இப்போது கைப்பேசியில் முகம் காட்டுகிறாள். தள்ளாத வயது. "விளக்கு வைத்தாயா?" என்பதுதான் முதல் கேள்வி.

இளம் தாய்மார்களுக்கு அவள் சார்பில் ஒரு வார்த்தை. வயிற்றுப்போக்கில் தண்ணீரை நிறுத்தாதீர்கள், தாய்ப்பாலையும் நிறுத்தாதீர்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும். வீட்டில் எப்போதும் வைத்திருங்கள். உடனே கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலைதட்டி ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடிவிடக் கூடாது. கண் குழி விழுந்தாலும், சிறுநீர் குறைந்தாலும், மலத்தில் ரத்தம் வந்தாலும், பிள்ளை சோர்ந்து கிடந்தாலும் காத்திராமல் டாக்டரிடம் ஓடுங்கள்.

கதையைக் கேட்ட தெருப் பெண் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சித்தி, அந்த அகல் விளக்கு ரெண்டு குடுங்க. துணியில சுத்திப் பொட்டியில வச்சுக்கிடுதேன்" என்றாள். இரண்டு கேட்டவளுக்கு ஆறு கொடுத்தேன்.

"பக்கத்து வீட்டுக் கதவு சாத்தியிருந்தா கோவிச்சுக்கிடாத தாயி. என்ன ஏதுன்னு மறுநாள் போய்க் கேளு" என்றும் சொல்லி அனுப்பினேன்.