அரசாணிக்காயும் கட்டம் போட்ட அப்பமும்

கோவைப் பக்கத்துத் தோட்டத்தில் லாரியில் ஏறும்போது அதன் பெயர் அரசாணிக்காய். வேலந்தாவளத்தைத் தாண்டிப் பாலக்காட்டுச் சந்தையில் இறங்கும்போது அது மத்தன். வழியில் கொழிஞ்சாம்பாறையில் ஒரு துண்டு விற்றுப்போனால், எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் அங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு அது அரசாணிக்காய்தான். தெற்கே, கம்பம் போடியிலிருந்து மலையேறி இடுக்கிக்குப் போகிற காய்க்கு மஞ்சள் பூசணி என்று பெயர். தஞ்சைக்காரர்கள் சொல்லும் பரங்கிக்காய் என்ற பெயரில்தான் அதன் பூர்வீகம் தெரிகிறது. பரங்கியர் வழியாக வந்த காய். அமெரிக்கக் கண்டத்தில் பிறந்தது. இன்று இது இல்லாமல் ஓணத்துக்கு எரிசேரி இல்லை, பொங்கலுக்குக் கூட்டு இல்லை.

வெளியூர்ச் சரக்கை வீட்டுச் சரக்காக்கிக்கொள்வதில் இந்த எல்லையோர அடுப்படிகளுக்கு நல்ல பழக்கம் உண்டு. பாலக்காடும் இடுக்கியும் ஒன்றையொன்று தொடாத மாவட்டங்கள். இரண்டும் தமிழ்நாட்டைத் தொடுகின்றன. ஒன்றின் கிழக்கே சமவெளி, மற்றதன் கிழக்கே மலைச்சரிவு. இரண்டு பக்கமும் அரிசியும் உளுந்தும் தேங்காயும் பொது. இப்போது இந்தச் சமையலறைகளுக்குப் புதிதாக ஒரு விருந்தாளி வந்திருக்கிறது: வாஃபிள். இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே மாவை ஊற்றி மூடிச் சுட்டால், கட்டம் கட்டமாகக் குழி விழுந்து வரும் மேல்நாட்டு அப்பம். நகரத்துக் கடைகளில் சாக்லேட் வழிய விற்கிறார்கள். மின்சாரத்தில் இயங்கும் வாஃபிள் அச்சு வீட்டுக்கும் வந்துவிட்டது.

கடை வாஃபிள் மைதாவில் செய்தது. வீட்டில் ஒரு பிள்ளைக்குக் கோதுமை ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டால், பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது.

கோதுமையிலும் பார்லியிலும் ரை தானியத்திலும் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் சிலருடைய சிறுகுடலுக்கு ஆகாது. உடலின் எதிர்ப்புசக்தி, குளூட்டனை எதிர்க்கப் போய்க் குடலின் உள்சுவரையே தாக்கிவிடுகிறது. சத்தை உறிஞ்சும் நுண்ணிய விரல்கள் தேய்ந்து தட்டையாகின்றன. பிள்ளை சாப்பிடும், ஆனால் வளராது. வயிறு உப்பும், பேதியாகும். இரும்புச்சத்து மாத்திரை எத்தனை கொடுத்தாலும் ரத்தசோகை தீராது. இதுதான் சீலியாக் நோய். மருந்து கிடையாது. வாழ்நாள் முழுக்கக் குளூட்டனைத் தொடாமலிருப்பது ஒன்றே சிகிச்சை.

குற்றவாளி கோதுமைதான் என்று நிரூபித்தவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. அவருக்கு இந்தச் சந்தேகம் இரண்டாம் உலகப்போருக்கு முன்பே இருந்தது. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியர் பிடியிலிருந்த நெதர்லாந்தில் பஞ்சம் வந்தது, ரொட்டி இல்லாமல் போனது. ஊரே பட்டினியில் வாட, இந்த நோயுள்ள குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி படுத்தார்கள். 1950-ல் டிக்கே தன் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். அதற்குமுன் இந்த நோய்க்குப் பெயர்பெற்ற வைத்தியம் எது தெரியுமா? வாழைப்பழம். 1924-ல் அமெரிக்காவில் சிட்னி ஹாஸ் என்ற மருத்துவர் வாழைப்பழப் பத்தியத்தை அறிமுகப்படுத்தினார். குழந்தைகள் தேறியதற்குக் காரணம் வாழைப்பழம் என்று நம்பினார்கள். பத்தியத்தில் ரொட்டி இல்லாததுதான் காரணம் என்பது பிறகுதான் புரிந்தது. காய்ந்த வாழைக்காய்ப் பொடியைக் காய்ச்சிக் கைக்குழந்தைக்கு ஊட்டும் கேரளத்துப் பாட்டிகளுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம்.

இது வடநாட்டு நோய், நமக்கில்லை என்று ஒரு நினைப்பு இங்கே உண்டு. பாதி உண்மை. வடக்கு, வடகிழக்கு, தெற்கு மூன்று பகுதிகளிலும் 23,000-க்கு மேற்பட்ட பெரியவர்களைப் பரிசோதித்து 2016-ல் வெளியான ஓர் ஆய்வு, வடக்கே நூற்றுக்கு 1.23 பேருடைய ரத்தத்திலும் தெற்கே 0.10 பேருடைய ரத்தத்திலும் இந்த நோயைச் சுட்டும் எதிர்ப்புப் புரதங்கள் இருப்பதாகக் கண்டது. ஆனால் நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணுக்கள் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தன: வடக்கே 38.1 சதவீதம், தெற்கே 36.4. வேறுபட்டது தட்டுதான். அந்த ஆய்வில் வடக்கே ஒருவர் சராசரியாகத் தினம் தின்ற கோதுமை 455 கிராம், தெற்கே 25 கிராம். பரோட்டாவும் பிரெட்டும் பிஸ்கட்டும் அந்த 25 கிராமை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அவரவர் ஊர்க் கடைத்தெருவைப் பார்த்து ஊகிக்கலாம். ஆயிரத்துக்கு ஒருவர் என்பதே சின்னக் கணக்கல்ல. 2011 கணக்கெடுப்பின்படி கேரள மக்கள்தொகை 3.34 கோடி. உத்தேசமாகப் பெருக்கினால், ரத்தத்தில் இந்த அடையாளம் உள்ளவர்கள் 33,000 பேர். அரிசி தின்னும் நாட்டில் இந்த நோயைச் சந்தேகிக்கவே ஆள் குறைவு என்பதால், பல பேருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரிந்திருக்காது.

இதைக் கேட்டுவிட்டு நாளை முதல் வீட்டில் சப்பாத்தியை நிறுத்துவது தவறு. ரத்தப் பரிசோதனையும், தேவைப்பட்டால் குடல் தசையை எடுத்துப் பார்ப்பதும், பிள்ளை கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது செய்தால்தான் சரியான விடை வரும். முதலிலேயே நிறுத்திவிட்டுப் போனால் நோய் மறைந்துகொள்ளும். குளூட்டன் இல்லாமல் சாப்பிடுவது நாகரிகம் என்று ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. அவர்களைப் பற்றி இங்கே கவலையில்லை. அவர்கள் மாதம் ஒருமுறை பரோட்டா தின்றாலும் ஒன்றும் ஆகாது. நோயுள்ள பிள்ளைக்குத் துணுக்குகூடக் கூடாது.

நோய் உறுதியானபின் வீட்டுக்காரர்கள் முதலில் செய்யும் தவறு, கடையில் குளூட்டன் இல்லாத மாவு தேடி அலைவது. கிடைத்தாலும் விலை கையைக் கடிக்கும். இரண்டாவது தவறு இன்னும் சுலபமாக நடந்துவிடும்: நம் வீட்டு அரிசிதானே என்று கழுவிக் காயவைத்து மாவு மில்லுக்குக் கொடுத்தனுப்புவது. முன்னால் வந்தவர் கோதுமை அரைத்துவிட்டுப் போயிருப்பார். மில்லின் வாயிலும் கல்லிலும் துணிக்குழாயிலும் ஒட்டியிருப்பது, அடுத்து வருகிற அரிசியில் கலக்கும். குளூட்டன் இல்லாதது என்று ஒரு பொட்டலத்தில் அச்சடிக்க வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக்கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. மில்லிலிருந்து வரும் மாவுக்கு இப்படி எந்த உத்தரவாதமும் கிடையாது.

வழி, வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. வெட் கிரைண்டர். கோவை உலகுக்குத் தந்த, புவிசார் குறியீடுகூட வாங்கிவிட்ட இந்த யந்திரத்துக்குள் இட்லி மாவைத் தவிர வேறெதுவும் பெரும்பாலும் போவதில்லை. எல்லையோர வீடுகளில் கோதுமைக்குத் தீட்டான ஒரே யந்திரம் அதுதான். ஆகவே பொடி மாவை மறந்துவிட்டு, ஊறவைத்து அரைத்த மாவில் வாஃபிள் சுடுவது நல்லது. அதில் இன்னொரு லாபமும் உண்டு. மைதா மாவில் காற்றைப் பிடித்து வைப்பது குளூட்டன்தான். அது இல்லாத மாவு சுட்டால் செங்கல்லாகும். மேல்நாட்டில் இதற்காக ஏதேதோ பிசின்களைச் சேர்க்கிறார்கள். நம் மாவில் அந்த வேலையை உளுந்து செய்கிறது. அரைக்கும்போது உளுந்தில் உண்டாகும் வழவழப்பு, புளிக்கும்போது வருகிற வாயுவைக் குமிழ் குமிழாகப் பிடித்துவைக்கிறது. இட்லி பூப்போல வருவது அதனால்தான்.

இரண்டு டம்ளர் பச்சரிசிக்கு அரை டம்ளர் உளுந்து, ஒரு டீஸ்பூன் வெந்தயம். நாலு மணி நேரம் ஊறவைத்து, தண்ணீர் கம்மியாக விட்டுக் கெட்டியாக அரைத்து, ராத்திரி முழுக்கப் புளிக்க விடவேண்டும். மூணாறு பக்கத்துக் குளிரில் காலைக்குள் மாவு பொங்காது. பாத்திரத்தை அடுப்பின் பக்கத்தில் கம்பளி சுற்றி வைப்பார்கள், அல்லது மத்தியானம் வரை காத்திருப்பார்கள்.

பரங்கிக்காயில்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். வேகவைத்து மசித்து அப்படியே மாவில் கொட்டினால், காயிலுள்ள நீர் முழுவதும் மாவில் இறங்கி, வாஃபிள் வெளியே கருகி உள்ளே களியாக நிற்கும். அரை கிலோ காயைத் தண்ணீரில் போடாமல் ஆவியில் வேகவைத்து, தோல் நீக்கி மசித்து, வாணலியில் போட்டு அல்வா கிண்டுவதுபோல் ஓரம் விட்டு வரும்வரை கிளறவேண்டும். அரை கிலோ சுருங்கி ஒரு டம்ளருக்கு வந்துவிடும். நன்றாக முற்றிய, உள்ளே செம்மஞ்சளான காயாக இருந்தால் வேலை மிச்சம்.

புளித்த மாவில் மூன்று டம்ளர் எடுத்துக்கொண்டு (மிச்சம் இட்லிக்கு), ஆறிய பரங்கி விழுது முக்கால் டம்ளர், பொடித்த வெல்லம் மூன்று மேசைக்கரண்டி, நெய்யோ தேங்காயெண்ணெயோ மூன்று மேசைக்கரண்டி, உப்பு, ஏலக்காய், சிட்டிகை சோடா உப்பு சேர்த்து மெதுவாகக் கலக்கவேண்டும். முட்டை சாப்பிடுகிறவர்கள் ஒன்று உடைத்து ஊற்றினால் இன்னும் நன்றாக வரும். வெல்லத்துக்கும் ஏலத்துக்கும் இடுக்கிக்காரர்கள் வெளியே போகவேண்டியதில்லை. மறையூர் வெல்லம் 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. ஏலமோ வண்டன்மேட்டிலேயே விளைகிறது. ஆனால் வெல்லம் அதிகமானால் அச்சில் ஒட்டிக்கொள்ளும். ஆசைக்கு மேலே தேன் ஊற்றிக்கொள்வது புத்திசாலித்தனம்.

அச்சு நன்றாகக் காய்ந்தபின் எண்ணெய் தடவி மாவை ஊற்றி மூடினால் ஓரங்களில் ஆவி கிளம்பும். ஆவி அடங்கும்வரை திறக்கக்கூடாது. அவசரப்பட்டுத் திறந்தால் பாதி மேல் தகட்டிலும் பாதி கீழ்த் தகட்டிலுமாகப் பிய்ந்துபோகும். ஐந்தாறு நிமிஷம் ஆகும். எடுத்ததைத் தட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் கம்பித்தட்டில் வைத்தால்தான் மொறுமொறுப்பு நிற்கும். அச்சு இல்லாத வீட்டில் இதே மாவைக் குழிப்பணியாரச் சட்டியில் ஊற்றலாம். கட்டம் இருக்காது, ருசி இருக்கும்.

அச்சும் இந்தப் பக்கத்துக்கு அந்நியமல்ல. அரிசிமாவையும் தேங்காய்ப்பாலையும் கரைத்து, பூ வடிவ இரும்பு அச்சைத் தோய்த்து எண்ணெயில் பொரிக்கும் அச்சப்பம், கேரளக் கிறிஸ்தவ வீடுகளில் கிறிஸ்துமஸ் பட்சணம். இலங்கையில் அதன் பெயர் கொக்கிஸ், டச்சு மொழியிலிருந்து வந்த சொல் என்பார்கள். வாஃபிள் என்பதும் டச்சுச் சொல்தான். ஐரோப்பாவில் வாஃபிள் அச்சும், தேவாலயத்தில் தரும் ஓஸ்தி சுடும் இரும்பும் ஒரே குடும்பம்.

இடுக்கியில் சிரியன் கிறிஸ்தவக் குடும்பங்கள் நிறைய. அங்கே ஒரு சீலியாக் பிள்ளைக்கு முதல் நற்கருணை வயது வரும்போது இந்த ஓஸ்தி ஒரு கேள்வியாகிவிடுகிறது. ஓஸ்தி கோதுமையில் செய்யப்படவேண்டும் என்பது கத்தோலிக்கச் சபையின் விதி. குளூட்டன் அறவே இல்லாத ஓஸ்தி செல்லாது, மிகக் குறைந்த அளவு உள்ளது செல்லும் என்று வத்திக்கான் 2017-ல் மறுபடியும் தெளிவுபடுத்தியது. எந்த அளவு தாங்கும் என்பதைப் பிள்ளையின் டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் பாதிரியாரிடம் பேசவேண்டும். அதே குடும்பத்தில் பெரிய வியாழனன்று வீட்டுத் தலைவர் பிட்டுக் கொடுக்கும் பெசஹா அப்பம், அரிசியும் உளுந்தும் அரைத்துப் புளிக்காமல் வேகவைத்தது. அதை அந்தப் பிள்ளை மற்றவர்களோடு உட்கார்ந்து கவலையில்லாமல் வாங்கித் தின்னலாம்.

இனிப்புப் பிடிக்காதவர்கள் வெல்லத்துக்குப் பதில் சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை போட்டுச் சுடுகிறார்கள். அதில் யாரும் எதிர்பாராத ஒரு கண்ணி இருக்கிறது: பெருங்காயம். சுத்தமான பெருங்காயத்தின் வீரியம் தாங்காது என்பதால், கடையில் விற்பது மாவு கலந்த கூட்டுப் பெருங்காயம். பல டப்பாக்களில் அந்த மாவு கோதுமை அல்லது மைதா. டப்பாவின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அரிசிமாவு கலந்ததும் கிடைக்கிறது, தேடவேண்டும். இட்லியும் சாம்பாரும்தானே கொடுத்தோம், ஏன் மறுபடி வயிறு கெட்டது என்று திகைக்கும் தாய்மார்கள் முதலில் பார்க்கவேண்டியது இந்த டப்பாவை. அடுத்து, பாலில் கலக்கும் மால்ட் பான மாவை. அது பார்லி.

ஓட்டல் தோசையும் நம்பத்தக்கதல்ல. மாவு சுத்தம்தான். ஆனால் பரோட்டா போட்ட அதே கல்லில், அதே கரண்டியால் திருப்பியிருப்பார்கள்.

மிஞ்சிய வாஃபிளை ஆறவிட்டு டப்பாவில் மூடிக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். மறுநாள் பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக்கொடுக்கும்போது தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் காய்ச்சி எடுத்தால் மொறுமொறுப்பு திரும்பிவிடும். சப்பாத்தி போடாத தோசைக்கல்லாக இருக்கவேண்டும்.