புகார் சொல்லத் தெரியுமா நமக்கு?

(இரண்டாம் ஆண்டு, மெக்கானிக்கல்)



'மாணவரும் ஒழுக்கமும்', 'மரம் வளர்ப்போம்' ஆகிய தலைப்புகளில் இந்த மலரில் எப்படியும் யாராவது எழுதியிருப்பார்கள். ஆகவே நான் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றியும், அதைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் சொன்ன புகார்களைப் பற்றியும் எழுதப் போகிறேன். முகம் சுளிக்க வேண்டாம். கடைசியில் நம்ம ஒர்க்‌ஷாப்புக்கு வந்து சேர்ந்துவிடுவேன்.

விளையாட்டின் பெயர் 'சிவிலைசேஷன்'. 1991-இல் முதலில் வந்தது. சிட் மையர் என்ற அமெரிக்கர் உருவாக்கியது. ஓடுவது, சுடுவது எல்லாம் இதில் இல்லை. ஓர் ஊரை அமைத்து, வயல் வைத்து, சுவர் கட்டி, கப்பல் விட்டு, சுற்றுச் சுற்றாகப் பல ஆயிரம் ஆண்டுகளை ஓட்ட வேண்டும். நம்ம ஆடுபுலி ஆட்டத்தின் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதன் ஏழாவது பாகம் 2025 பிப்ரவரி 11-ஆம் தேதி வெளிவந்தது. அதில் சோழர்கள் இருக்கிறார்கள்! தஞ்சைப் பெரிய கோயிலும் இருக்கிறது! என் வகுப்புத் தோழனின் அண்ணன் பெங்களூரில் வேலை பார்க்கிறவர். அவர் பூஜை லீவுக்கு லேப்டாப்போடு ஊருக்கு வந்தார். நாங்கள் நான்கு பேர் அவர் வீட்டுத் திண்ணையைவிட்டு எழுந்திருக்கவில்லை.

ஆனால் உலகம் முழுக்க இதை வாங்கியவர்கள் முதல் வாரமே கொதித்துப் போனார்கள். விலை 70 டாலர். நம்ம கணக்கில் ஆறாயிரம் ரூபாயைத் தொட்டுவிடும். இன்னும் கூடுதலாகக் கொடுத்தவர்களுக்கு ஐந்து நாள் முன்னாலேயே ஆட அனுமதி. அப்படி முன்னால் போனவர்கள்தான் முதலில் கத்தியதும்! கல்யாண வீட்டில் முதல் பந்தியில் உட்கார்ந்தவன் 'சாம்பாரில் உப்பில்லை' என்று எழுந்தால் வாசலில் நிற்பவன் என்ன நினைப்பான்? விற்கிற கடையிலேயே நல்லது பாதி, கெட்டது பாதி என்று மதிப்பெண் விழுந்தது.

என்ன புகார்? திரையில் விவரம் இல்லை என்பது முதல் புகார். எந்தக் கட்டடம் எவ்வளவு தருகிறது, எந்தப் பொத்தான் எதற்கு என்று தெரியவில்லை. இது நூற்றுக்கு நூறு நியாயம். மெஷின் எவ்வளவு நன்றாக இருந்தாலும், எந்த லீவரைத் தள்ளினால் என்ன வேகம் என்று தகட்டில் பொறித்திருக்காவிட்டால் ஆபரேட்டர் என்ன செய்வான்? ஊருக்குப் பெயர் மாற்ற முடியவில்லை என்றார்கள். ஆட்டம் முடிந்த பிறகும் 'இன்னும் ஒரே ஒரு சுற்று' என்று தொடர்ந்து ஆடும் வசதியைக் காணோம் என்றார்கள். இந்த ஆட்டத்தின் அடையாளமே அந்த 'இன்னும் ஒரே ஒரு சுற்று'தான். அதை விட்டுவிட்டு விற்றது, புட்டு வாங்கப் போனவனுக்குத் தேங்காய் இல்லாமல் கொடுத்தது மாதிரி.

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடித்த புகார். நவீன காலம் வரை போகிற இந்த ஆட்டத்தில் முதலில் பிரிட்டன் இல்லை! மார்ச் மாதம் தனியாகக் காசு கட்டினால் வரும் என்றார்கள். நண்பர்களே, எங்கள் ஆரல்வாய்மொழிக்காரனிடம் இதைச் சொன்னால் சிரிப்பான். எங்கள் ஊருக்கு பிரிட்டிஷ்காரன் 1809-லேயே காசு வாங்காமல் வந்துவிட்டான்.

அந்தக் கதை கொஞ்சம் சொல்ல வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே முடிகிற இடத்தில் ஒரு வாசல் மாதிரி இருப்பதுதான் எங்கள் கணவாய். அந்த வாசல் வழியாகக் காற்று பீய்ச்சி அடிப்பதால்தான் முப்பந்தலில் இத்தனை காற்றாலைகள். அதே வாசல் வழியாகப் படையும் வரும் என்பதால் திருவிதாங்கூர் அரசு இங்கே மலையிலிருந்து மலைக்குக் கோட்டைச் சுவர் எழுப்பியிருந்தது. வேலுத்தம்பி தளவாய் கும்பெனியை எதிர்த்து எழுந்தபோது திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த கும்பெனிப் படை இந்தச் சுவருக்கு முன்னால் வந்து நின்றது. நேராக மோதினால் ஆகாது என்று, மேஜர் வெல்ஷ் என்பவர் தலைமையில் ஒரு பிரிவு இரவோடு இரவாகத் தெற்குப் பக்க மலையில் ஏறி, யாரும் ஏற மாட்டார்கள் என்று விட்டிருந்த இடத்தில் போய் நின்றது. பிப்ரவரி 10-ஆம் தேதி கோட்டை விழுந்தது. எங்கள் ஊரின் தோல்வி அது. சொல்லும்போது இப்போதும் வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் வியூகம் என்றால் அதுதான் வியூகம்.

ஏன் சொல்கிறேன் என்றால், இந்த விளையாட்டில் எதிராளியாக ஆடும் கம்ப்யூட்டருக்கு இந்த மாதிரி மூளை இல்லை என்பதும் ஒரு பெரிய புகார். தன் நாட்டில் நல்ல இடமெல்லாம் சும்மா கிடக்க, தூரத்திலிருந்து வந்து நம்ம தலைநகருக்குப் பக்கத்தில் ஒரு ஊரை அமைத்துவிட்டு நிற்கும். அதற்குப் பிறகு நம்மோடு சண்டை! 'சவத்துக்கு வேற எடமா கிடைக்கல்ல?' என்று என் தோழன் திரையைப் பார்த்துத் திட்டியது இன்னும் காதில் இருக்கிறது.

எல்லோரும் அதிகமாகச் சண்டை போட்டது வேறொரு விஷயத்துக்கு. இந்த ஏழாம் பாகத்தில் ஆட்டம் மூன்று காலங்களாகப் பிரிந்திருக்கிறது. வெளிவந்தபோது, ஒரு காலம் முடிந்ததும் உங்கள் நாகரிகத்தை விட்டுவிட்டு இன்னொன்றுக்கு மாற வேண்டியிருந்தது. மௌரியராகத் தொடங்கினால் பிறகு சோழராகலாம், அதற்கும் பிறகு முகலாயராகலாம். 'நான் கட்டி வளர்த்த நாட்டை நடுவில் ஏன் மாற்றச் சொல்கிறாய்?' என்று பழைய ஆட்டக்காரர்கள் கோபப்பட்டார்கள்.

இதில் நான் பாதிதான் ஒத்துக்கொள்வேன். கொடி மாறுவது எங்களுக்குப் புதுசா? கோட்டாற்றுக்கு ஒரு காலத்தில் மும்முடிச் சோழநல்லூர் என்று பெயர். ஆய் அரசர், பாண்டியர், சோழர், வேணாடு, திருவிதாங்கூர் என்று மாறி மாறி, 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் எங்கள் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. கொடி மாறியது, தோவாளையில் பூக்கட்டும் கை மாறவில்லை. ஆகவே மாற்றம் என்பது சரித்திரத்துக்கு விரோதம் இல்லை. ஆனால் வெளிவந்தபோது ஆட்டத்தில் என்ன நடந்தது? உலகம் முழுக்க ஒரே நாளில் மணி அடித்தாற்போல் எல்லோருக்கும் காலம் மாறியது. நடந்துகொண்டிருந்த போர் அப்படியே நின்றுபோனது. தளபதியோடு இல்லாத வீரர்கள் பலர் காணாமல் போனார்கள். பெரிய நகரம் மறுபடி சிற்றூர் ஆனது. இது சரித்திரம் இல்லை, பீரியட் முடிந்து அடிக்கிற பெல்! இந்தப் பாதிக்கு நானும் கையெழுத்துப் போடுவேன்.

தமிழனாக எனக்கென்று ஒரு புகார் இருக்கிறது. மௌரியருக்குப் பிறகு சோழர் என்று வரிசை போட்டது யார்? அசோகர் தம் கல்வெட்டுகளிலேயே சோழரையும் பாண்டியரையும் தம் எல்லைக்கு வெளியே இருக்கும் அண்டை நாட்டாராகப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கிறார். ஒரே காலத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தவர்களை ஒருவர் வயிற்றில் இன்னொருவர் பிறந்ததுபோல் காட்டினால் எப்படி? பிற்காலச் சோழர் 1279-இல் முடிகிறார்கள். பாபர் டெல்லியைப் பிடித்தது 1526-இல். நடுவில் இருநூற்று நாற்பத்தேழு வருஷம் தெற்கே என்ன நடந்தது? இன்னொன்று: இதில் தலைவரும் நாடும் தனித்தனி. ஆகவே சோழநாட்டுக்கு பெஞ்சமின் பிராங்க்ளினைத் தலைவராக வைத்து ஆடலாம். வெளிவந்தபோது இருந்த தலைவர்கள் பட்டியலில் ராஜராஜனும் இல்லை, ராஜேந்திரனும் இல்லை. இபின் பதூதா இருக்கிறார். அவராவது 1340-களில் மதுரை வரை வந்து போனவர், போகட்டும்!

குறை மட்டும் சொன்னால் நியாயம் ஆகாது. சோழருக்கென்று கொடுத்திருக்கும் கட்டடங்களின் பெயர் அஞ்சுவண்ணம், மணிக்கிராமம். இவை அந்தக் கால வணிகக் குழுக்கள். கி.பி. 849-இல் வேணாட்டு அய்யன் அடிகள் கொல்லத்தில் கொடுத்த செப்பேட்டில் இந்த இரண்டு பெயரும் வருகின்றன. நம்ம பாடப் புத்தகத்தில் நான் படிக்காததை ஓர் அமெரிக்கக் கம்பெனி தேடிப் பிடித்திருக்கிறது. கொள்ளாம்! என்றுதான் சொல்ல வேண்டும்.

புகாரில் இன்னொரு வகையும் உண்டு. 'ஏஜ் ஆஃப் எம்பையர்ஸ் 2' நம்ம அண்ணன்மார் நாகர்கோவில் பிரௌசிங் சென்டர்களில் ஆடித் தீர்த்த விளையாட்டு. 2022 ஏப்ரலில் அதற்கு இந்திய அரசுகள் பற்றிய புதுத் தொகுப்பு வந்தது. திராவிடர் என்ற பெயரில் நம்ம ஆட்களும் ராஜேந்திரன் படையெடுப்பும் அதில் வந்தன. உடனே ஆட்டக்காரர்கள், 'திராவிடருக்குக் கனமான குதிரைப்படையே இல்லை, தரையில் ஆடி ஜெயிக்க முடியவில்லை' என்றார்கள். சரித்திரப்படி பார்த்தால் செய்தவர்கள் பக்கம்தான் நியாயம். இங்கே நல்ல குதிரை வளராது. பாண்டியர் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் அரபு நாட்டிலிருந்து கப்பலில் இறக்கினார்கள் என்றும், வருஷம் முடிவதற்குள் அவற்றில் நூறுகூட மிஞ்சாது என்றும் மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். ஆனால் ஆட்டப்படி பார்த்தால் புகார் சொன்னவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. எதிரி குதிரையில் சுற்றி வரும்போது நடந்து துரத்திப் பிடிக்க முடியுமா? 'இது பொய்' என்ற புகார் வேறு, 'இது வேலை செய்யவில்லை' என்ற புகார் வேறு. இரண்டையும் குழப்பாமல் சொன்னவர்களின் பேச்சுதான் எடுபட்டது.

சிவிலைசேஷனிலும் அதுதான் நடந்தது. 'குப்பை', 'வேஸ்ட்' என்று ஒரு வார்த்தையில் திட்டியவர்களால் ஒரு பிரயோஜனமும் இல்லை. எந்தத் திரையில், எந்த இடத்தில், என்ன செய்தால் என்ன வரவேண்டும், என்ன வருகிறது என்று எழுதினார்கள் பாருங்கள், அவர்களால்தான் திருத்தம் வந்தது. கம்பெனிக்காரர்கள் திரை சரியில்லை என்று ஒத்துக்கொண்டார்கள். ஊர்ப்பெயர் மாற்றும் வசதி வந்தது. ஏப்ரலில் 'இன்னும் ஒரே ஒரு சுற்று' வந்தது. ஒரே நாகரிகத்தோடு கடைசிவரை ஆடுவதற்கும் வழி தேடுவதாக அந்த வருஷக் கடைசியில் அவர்களே அறிவித்தார்கள்.

இங்கேதான் எனக்கு யோசனை ஓடியது. என் அம்மா செங்கல் சூளையில் வேலை பார்க்கிறாள். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. அறுத்துக் காயப்போட்ட பச்சைக்கல் மழையில் கரைந்தால் அது கணக்கில் வராது. மழைக்கு அம்மாவா பொறுப்பு? 'கேட்டா என்னம்மா?' என்றால், 'கேக்கலாம் மக்கா, அடுத்த வாரம் ஆளு வேண்டாம்னுட்டா?' என்பாள். புகார் சொல்ல அவளுக்குத் தெரியாமல் இல்லை. எந்த வரிசையில், எத்தனை கல், எந்த நாள் மழையில் போனது என்று அவளுக்கு மனக்கணக்காகத் தெரியும். நாங்கள் மேலே பார்த்த ஆட்டக்காரர்கள் எவரையும்விட விவரமான புகார் அது. ஆனால் எழுபது டாலர் கொடுத்தவன் புகார் சொன்னால் கம்பெனி பயப்படுகிறது. அம்மா புகார் சொன்னால் எங்கள் வீட்டு அரிசிப்பானை பயப்படுகிறது. 'பொறுமைதான் ஏழையின் குணம்' என்று பேச்சுப் போட்டியில் கைதட்டு வாங்குகிறவர்களுக்கு இதைச் சொல்லி வைக்கிறேன். அது குணம் இல்லை நண்பர்களே, வேறு வழி இல்லாதது.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். உங்களிலும் பாதிப் பேர் அப்படித்தான். நாம் அம்மாவும் இல்லை, எழுபது டாலர்காரனும் இல்லை, நடுவில் நிற்கிறோம். புகார் சொன்னால் நமக்கு அடுத்த வாரச் சோறு போகாது. அப்படியிருக்க, நாமும் ஏன் 'சொல்லி என்னடே ஆகப்போவுது' என்கிறோம்?

நம்ம ஒர்க்‌ஷாப்பில் சுவரோரமாக இருக்கும் நான்காவது லேத்தை எல்லோருக்கும் தெரியும். கிராஸ் ஸ்லைடு கைப்பிடியைத் திருப்பினால் டூல் நகராது. சீனியர்கள் 'அதுக்கு ஒரு கை இருக்குடே' என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்கு முந்தின சீனியர்கள் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அதில் மாட்டியவனுக்கு டயாமீட்டர் சரியாக வராமல் பிராக்டிகலில் மார்க் போகிறது. கேன்டீனில் அந்த லேத்தைத் திட்டாத ஆள் இல்லை. ரெஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்தேன். அதைப்பற்றி ஒரு வரிகூட இல்லை. இல்லாத புகாரை யார் சரி செய்வார்?

சென்ற மாதம் எங்கள் பேட்ச்சில் ஐந்து பேர் சேர்ந்து எழுதிக் கொடுத்தோம். 'லேத் எண் 4. கிராஸ் ஸ்லைடு கைப்பிடியைத் திசை மாற்றித் திருப்பும்போது சுமார் அரைச் சுற்று வரை டூல் நகருவதில்லை. மூன்று நாள், மூன்று பேர் தனித்தனியே டயல் கேஜ் வைத்துப் பார்த்தோம். அளவுகள் கீழே உள்ளன. ஸ்குரூவின் நட் தேய்ந்திருக்கலாம் என்று கருதுகிறோம். கழற்றிப் பார்க்க அனுமதித்தால் சனிக்கிழமை மதியம் நாங்களே உதவத் தயார்.' கீழே ஐந்து கையெழுத்து, ரோல் நம்பருடன்.

இதை எழுதும்வரை பதில் வரவில்லை. நகல் ஒன்று என் நோட்டில் இருக்கிறது. மூன்றாவது வரிசையில் உள்ள டிரில்லிங் மெஷினைப் பற்றி அடுத்ததை எழுத வேண்டும்; பெல்ட் நழுவும் நேரத்தைக் குறித்துத் தர இரண்டு பேர் தேவை. விருப்பம் உள்ளவர்கள் மதிய இடைவேளையில் வேப்பமரத்தடிக்கு வரவும்.