கடல் தாண்டும் சித்திரப் பித்து

அனுமந்தன்பட்டி நேயர் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். திராட்சைத் தோட்ட வருமானத்தில் மிச்சம் பிடித்த பணத்தைக் கொண்டு, டிசம்பர் கடைசியில் டோக்கியோவில் கூடும் 'காமிக் மார்க்கெட்' என்னும் சித்திரக்கதைச் சந்தைக்குப் போக உத்தேசமாம். இதுவே முதல் வெளிநாட்டுப் பிரயாணம். "பொம்மைப் புத்தகத்துக்கா இத்தனை செலவு?" என்கிறாராம் தகப்பனார்.

பெரியவர் கேட்பது நியாயந்தான். ஆனால், 1998ல் ஜப்பானில் 'முத்து' படத்தைக் கண்டு மயங்கியவர்கள் பிறகு சென்னையைத் தேடி வந்தபோது நாம் பெருமைப்பட்டோம் அல்லவா? மேலும், 1975ல் 32 குழுக்களோடும் சுமார் 700 பேரோடும் ஆரம்பித்த அச்சந்தைக்கு இன்று லட்சக்கணக்கானோர் வருகிறார்கள். ரசிகர்களே வரைந்து, அச்சிட்டு, விற்கிறார்கள். விற்பவர், வாங்குபவர் என்ற பேதமில்லை. வருகிறவர் அனைவரும் 'பங்கு கொள்வோர்'.

நேயருக்கு நமது யோசனை: முதலில் மதுரைக் காரியாலயத்தின் மூலம் பாஸ்போர்ட் பெறுக. ஒருமுறை செல்லும் ஜப்பான் விஸா மூன்று மாதமே செல்லுபடியாகும். ஆகையால் மிக முந்தியும் கேட்க வேண்டாம். அது கைக்கு வருமுன், திருப்பித் தராத டிக்கெட்டுக்குக் காலணாவும் கொடுக்க வேண்டாம்.

திரும்பி வந்து, கம்பம் பள்ளத்தாக்கைப் பற்றி ஒரு சித்திரக்கதை வரைந்து தகப்பனாரிடம் நீட்டட்டும். செலவுக் கணக்கு அன்றே நேராகிவிடும்!