ஒலியை வெட்டாதீர்கள், முதலில் படத்தைப் பாருங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் ஆசையாகச் செய்து பார்க்கும் முதல் வேலைகளில் ஒன்று, செல்போனில் எடுத்த குடும்ப வீடியோவை எடிட் செய்வது. அதில் வரும் முதல் தலைவலி, உதடு ஒரு பக்கம் அசைய, பேச்சு இன்னொரு பக்கம் போவது. நண்பர்களைக் கேட்டால் இரண்டு யோசனைகள் கிடைக்கும். ஒன்று, ராம் போதவில்லை, கூடுதலாகப் போடுங்கள். இன்னொன்று, ஒலியை ஆங்காங்கே வெட்டி நகர்த்திப் பொருத்துங்கள். இரண்டுமே பெரும்பாலும் தவறு என்பது என் கருத்து. இரண்டாவதை நானே செய்து கெட்டவன்.

எங்கள் வீட்டுத் தொட்டில் விழாவில் என் பாட்டி தாலாட்டுப் பாடினார். மாலை நேரம், மங்கலான வெளிச்சம். 10 நிமிட வீடியோ. எடிட்டிங் சாப்ட்வேரில் போட்டபோது தொடக்கம் சரியாக இருந்தது. போகப் போகப் பாட்டு பின்தங்கியது. கடைசியில் 3 விநாடிக்கு மேல் இடைவெளி. வரிகளுக்கு நடுவே இருந்த மௌனங்களை எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி ஒலியைப் படத்தோடு சேர்த்தேன். சரியாகிவிட்டது என்று நினைத்து, இடம் வேண்டும் என்பதற்காக ஒரிஜினல் பைலை அழித்தும் விட்டேன். பாட்டி பார்த்துவிட்டு, "என்னடா, நான் மூச்சே விடாமப் பாடுறேன்?" என்றார். இப்போது அவரால் பாட முடிவதில்லை. எங்களிடம் இருப்பது அந்த மூச்சில்லாத பாட்டு மட்டும்தான்.

நான் பொறியியல் படித்தவன், சாப்ட்வேர் வேலையில் இருப்பவன். இருந்தும் ஒரு கேள்வியைக் கேட்காமல் கத்தரியை எடுத்தேன். அந்தக் கேள்வி இதுதான்: இடைவெளி தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவா, அல்லது போகப் போக வளர்கிறதா?

ஒரே அளவு என்றால் கவலை வேண்டாம். முழு ஒலியையும் ஒரே ஒரு முறை முன்னோ பின்னோ நகர்த்தினால் போதும். எவ்வளவு என்று அறிய, வி.எல்.சி. பிளேயரில் வீடியோவை ஓடவிட்டு ஜே கீயை அழுத்துங்கள். விண்டோஸில் ஒவ்வொரு முறையும் ஒலி 50 மில்லி விநாடி முன்னால் வரும். கே கீயை அழுத்தினால் பின்னால் போகும். பைல் மாறாது, அளவு மட்டும் தெரியும். இதைச் சோதிக்கும்போது புளூடூத் ஹெட்போனைக் கழற்றிவிடுங்கள். அதுவே ஒலியைத் தாமதப்படுத்தக்கூடியது.

இடைவெளி வளர்கிறது என்றால், பெரும்பாலும் குற்றவாளி ஒலி அல்ல, படம். பல செல்போன்கள் விநாடிக்கு 30 படங்கள் என்று சொன்னாலும் அதே வேகத்தில் எடுப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் படங்களின் எண்ணிக்கையும் குறையலாம். இதற்கு வேரியபிள் பிரேம் ரேட் என்று பெயர். 10 நிமிடத்துக்கு 18,000 படங்கள் வரவேண்டும். 100 குறைந்து 17,900 வந்தது என்று வையுங்கள். சில எடிட்டிங் சாப்ட்வேர்கள் அதையும் விநாடிக்கு 30 என்றே ஓட்டும். படம் 3.3 விநாடி முன்னதாக முடிந்துவிடும். ஒலியோ சரியான நேரத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கும். குற்றம் செய்யாத அதைத்தான் நான் வெட்டினேன்.

சரியான வழி இதோ. மீடியாஇன்போ என்ற இலவச சாப்ட்வேரில் பைலைத் திறந்து, வீடியோ பகுதியில் பிரேம் ரேட் மோட் என்ற வரியைப் பாருங்கள். வேரியபிள் என்று இருந்தால் எடிட் செய்யும் முன்பே மாற்ற வேண்டும். இதற்கு ஹேண்ட்பிரேக் என்ற இலவச சாப்ட்வேர் போதும். அதில் வீடியோ டேபைக் கிளிக் செய்து, பிரேம் ரேட்டில் 30 என்று தேர்ந்தெடுத்து, அருகில் உள்ள கான்ஸ்டன்ட் பிரேம் ரேட் என்பதையும் தேர்ந்தெடுங்கள். புதிய பெயர் கொடுத்து ஸ்டார்ட் என்கோட் அழுத்துங்கள். கிடைக்கும் புதிய பைலை எடிட் செய்யுங்கள்.

ஒலியைத் தனிக் கருவியில் பதிவு செய்பவர்கள், தொடக்கத்தில் ஒருமுறையும் முடிவில் ஒருமுறையும் கேமரா முன் கை தட்டுங்கள். சினிமாவில் கிளாப் பலகை அடிப்பதும் இதற்காகத்தான். இரண்டு தட்டல்களும் பொருந்தினால் நடுவில் உள்ளதும் பொருந்தும்.

"அரை விநாடிதானே, யார் கவனிப்பார்கள்?" என்று சிலர் கேட்கலாம். எல்லாரும் கவனிப்பார்கள். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998ல் வெளியிட்ட பரிந்துரையின்படி, ஒலி 45 மில்லி விநாடி முந்தினாலோ 125 மில்லி விநாடி பிந்தினாலோ பார்ப்பவர்கள் உணரத் தொடங்குவார்கள். மின்னலுக்குப் பின் இடி கேட்டுப் பழகியவர்கள் நாம். ஒலி பிந்துவதைச் சற்றுப் பொறுப்போம், முந்துவதைப் பொறுக்க மாட்டோம்.

எனவே புதிய ராம் வாங்கும் முன், கத்தரியை எடுக்கும் முன், அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். எது செய்தாலும் ஒரிஜினல் பைலை ஒரு பென் டிரைவில் காப்பி எடுத்து வைத்துவிட்டுச் செய்யுங்கள். சாப்ட்வேரை மறுபடியும் இன்ஸ்டால் செய்துகொள்ளலாம். பாட்டியின் மூச்சை முடியாது.